லிவாவுக்குப் போகும் வீதி

நிலத்தை ஐந்திணையாக வகுத்த நம் முன்னோர் பாலைக்கென்று தனியான ஒரு நிலத்தைக் கண்டதில்லை. மழை பொய்த்து வெயில் முற்றினால் காடும் மலைச்சாரலுமே பாலையாகிவிடும் என்பது சிலப்பதிகாரம் தரும் விளக்கம். பாலை ஒரு நிலமன்று, ஒரு நிலைமை. அதற்கு உரிய ஒழுக்கம் பிரிவு. அந்தப் பிரிவுகளில் முக்கியமான ஒன்றுக்கு இலக்கணகாரர் வைத்த பெயர் பொருள்வயிற் பிரிவு. 1970களில் வளைகுடாவின் எண்ணெய்ப் பணம் பெருகி, இலங்கையிலிருந்தும் தமிழகத்திலிருந்தும் கேரளத்திலிருந்தும் ஆட்கள் கூட்டங்கூட்டமாக அங்கு போகத் தொடங்கியபோது, இலக்கணம் கற்பனையில் வைத்திருந்த பாலைக்கு உண்மையான மணலும் உண்மையான விசாவும் வந்து சேர்ந்தன.

அந்தப் பாலையில் நான் பன்னிரண்டு ஆண்டுகள் வாழ்ந்தேன். 1993 முதல் 2005 வரை அபுதாபியில் ஓர் ஆங்கில நாளேட்டின் ஆசிரிய பீடத்தில் வேலை. வெள்ளிக்கிழமை ஒரு நாள்தான் விடுமுறை. அந்த ஒரு நாளில் பழைய ஜப்பானியக் கார் ஒன்றில் நண்பர்களோடு ஏறி, எங்காவது வீதி முடியும் இடம்வரை போய் வருவது எங்கள் வழக்கம். இடியப்பமும் சம்பலும் கட்டிக்கொண்டு போவோம். பலரும் இதைப் பொழுதுபோக்கு என்று நினைத்தார்கள். எனக்கு அதில் வேறொரு காரணம் இருந்தது.

அந்த ஆண்டுகளில் என் சொந்த ஊருக்குப் போகும் வீதி பூட்டிக் கிடந்தது. கண்டி வீதி என்று நாங்கள் சொல்லும் ஏ-9 நெடுஞ்சாலை போரினால் மூடப்பட்டு, 2002இல் போர்நிறுத்த உடன்படிக்கைக்குப் பின்னரே பொதுமக்களுக்குத் திறக்கப்பட்டது. 1995 ஒக்ரோபர் 30ஆம் திகதி வலிகாமத்து மக்கள் இலட்சக்கணக்கில் ஓரிரவில் இடம்பெயர்ந்த செய்தியை நான் அபுதாபியில் இருந்து, செய்தி நிறுவனங்கள் அனுப்பிய நான்கு பந்திகளை ஒரு பந்தியாகச் சுருக்கித்தான் அறிந்தேன். ஊருக்குப் போக வழியில்லாதவனுக்கு, யாரும் மறிக்காத 240 கிலோமீற்றர் வீதி ஒன்று கிடைத்தால் அவன் அதில் ஓடிக்கொண்டே இருப்பான். லிவா வீதி எனக்கு அப்படித்தான் ஊராயிற்று.

சென்ற மாசி மாதத்தில் மீண்டும் அங்கு போனேன். என் மகள் ரொறன்ரோவிலிருந்து வந்திருந்தாள். 1996இல் அபுதாபியில் பிறந்து ஒன்பது வயதுவரை அங்கு வளர்ந்தவள். கனேடியக் கடவுச்சீட்டில் பிறந்த இடம் அபுதாபி என்று எழுதியிருப்பதால், எந்த விமான நிலையத்திலும் குடிவரவு அதிகாரி ஒருமுறை நிமிர்ந்து பார்த்து, "அங்கேயா பிறந்தீர்கள்?" என்று கேட்பாராம். அவளுக்குத் தான் பிறந்த இடத்தைப் பெரியவளாக ஒருமுறை பார்க்கவேண்டும். எனக்கு அந்த வீதிகளைப் பார்க்கவேண்டும். கொழும்பிலிருந்து நானும் கிளம்பினேன். கார் வாடகைக்கு எடுத்தோம். அவளே ஓட்டினாள்.

முதல் நாள் அல் அய்ன். அபுதாபியிலிருந்து ஏறத்தாழ 150 கிலோமீற்றர். எண்ணெய்க்கு முந்திய காலத்தில் ஒட்டகத்தில் பல நாள் எடுத்த வழி. இன்று அந்த வீதியில் மணிக்கு 160 கிலோமீற்றர் வேகம் சட்டப்படி அனுமதிக்கப்படுகிறது. சேக் சாயித் 1946 முதல் 1966 வரை அபுதாபி ஆட்சியாளரின் பிரதிநிதியாக இருந்த பகுதி இது. பின்னர் அபுதாபியின் ஆட்சியாளராகி, 1971 டிசம்பர் 2ஆம் திகதி உருவான கூட்டாட்சியின் முதல் ஜனாதிபதியுமானார். பாலைவனத்தில் மரம் நடவேண்டும் என்ற அவருடைய பிடிவாதத்தை வீதியின் இரு மருங்கிலும் காணலாம். ஒட்டகங்கள் கடிக்காதபடி வேலி, ஒவ்வொரு மரத்தின் அடிக்கும் ஒரு கறுப்புக் குழாய், அதிலிருந்து துளித்துளியாக நீர்.

அல் அய்ன் பாலைவனச் சோலையில் 1,200 ஹெக்டேயரில் ஏறத்தாழ 147,000 பேரீச்சை மரங்கள் நிற்கின்றன. அவற்றுக்கு நீர் பாய்ச்சும் முறைக்குப் பெயர் பலஜ். மலையடிவாரத்தின் நிலத்தடி நீரை, நிலத்தின் சரிவைக் கணக்கிட்டு வெட்டிய சுரங்க வாய்க்கால் வழியாக, எந்தப் பொறியும் இல்லாமல் தோட்டத்துக்குக் கொண்டு வருவார்கள். இந்தப் பகுதியில் ஏறத்தாழ மூவாயிரம் ஆண்டுப் பழமையான பலஜ்களைத் தொல்லியலாளர் கண்டறிந்துள்ளனர். 2011இல் யுனெஸ்கோ அல் அய்னின் பண்பாட்டு இடங்களை உலக மரபுரிமைப் பட்டியலில் சேர்த்தது. வாய்க்காலில் யாருக்கு எவ்வளவு நேரம் தண்ணீர் என்பது பங்குமுறை. குளத்து நீரை முறைவைத்துப் பாய்ச்சிய எங்கள் வன்னி விவசாயி ஒருவரை அங்கே கொண்டுபோய் விட்டால், மொழி தெரியாமலே அரை மணி நேரத்தில் வேலையைப் பிடித்துக்கொள்வார் என்று முன்பு நாங்கள் சொல்லிச் சிரிப்பதுண்டு.

வன்னி என்றதும் ஒன்றைச் சொல்லவேண்டும். அந்த நாட்டின் தேசிய மரம் காப். மணலின் நடுவே தனியாக, குடைபோல நிற்கும். வேர் முப்பது மீற்றருக்கும் கீழே போய் நீரைத் தேடும். இந்தக் காப் மரமும் நம்முடைய வன்னி மரமும் ஒன்றே. விஜயதசமி நாளில் நம் கோயில்களில் மானம்பூத் திருவிழாவுக்கு வாழையோடு நாட்டும் அதே வன்னி. 2019ஐ அந்நாடு சகிப்புத்தன்மை ஆண்டாக அறிவித்தபோது அதற்குச் சின்னமாக இந்த மரத்தையே எடுத்துக்கொண்டது. முன்பு நான் அதன் நிழலில் எத்தனையோ தடவை இடியப்பம் சாப்பிட்டிருக்கிறேன். இம்முறை மகளுக்கு இலையைப் பறித்துக் காட்டினேன். "அப்பா, இதையும் நாங்கள்தான் கொண்டு வந்தது எண்டு சொல்லிப்போடாதேங்கோ" என்றாள். இல்லை, மரம் எவரும் கொண்டுவராமல் தானாகவே அங்கு இருக்கிறது. அதற்கு வதிவிட அனுமதி தேவைப்படவில்லை.

மறுநாள் லிவாவுக்குப் புறப்பட்டோம். முன்பெல்லாம் தாரிப் வழியாகவே போவோம். இம்முறை ஹமீம் வீதியால் போய்த் தாரிப் வழியாகத் திரும்புவது என்று முடிவு. நகரத்தின் கடைசிக் களஞ்சியக் கட்டடங்களைத் தாண்டியதும் மணலின் நிறம் மெல்ல மாறத் தொடங்கும். கரையோர மணல் வெள்ளை. அது கடல் சிப்பிகளும் சுண்ணாம்பும் பொடியானது. உள்ளே போகப்போக மணிகளின்மேல் இரும்புத் துரு படிந்து, மணல் முதலில் மஞ்சளாகி, பிறகு செம்மஞ்சளாகி, மாலை வெயிலில் கிட்டத்தட்டச் செங்கல் நிறத்துக்கு வந்துவிடும். இந்த நிறமாற்றத்தை வைத்தே எத்தனை கிலோமீற்றர் வந்திருக்கிறோம் என்று முன்பு ஊகித்துக்கொள்வோம். அந்தக் கணக்கு இன்றும் பிழைக்கவில்லை.

லிவா என்பது ஓர் ஊரல்ல. நூறு கிலோமீற்றர் அளவுக்குப் பிறைபோல வளைந்து கிடக்கும் சிறு சோலைகளின் வரிசை. அதற்குத் தெற்கே ரூப் அல் காலி என்னும் வெற்றுநிலம் தொடங்குகிறது. அதன் பரப்பு ஏறத்தாழ 650,000 சதுர கிலோமீற்றர். இலங்கையைப் போலப் பத்து மடங்கு. இன்று அபுதாபியை ஆளும் குடும்பத்தின் பூர்வீகம் இந்தச் சோலைகளே. பனீ யாஸ் கூட்டத்தார் 18ஆம் நூற்றாண்டில் அபுதாபித் தீவில் நன்னீர் கண்டு அங்கு குடியேறினர். அந்நூற்றாண்டின் இறுதியில் ஆட்சிபீடமும் லிவாவிலிருந்து தீவுக்கு மாறியது. அப்போதும் லிவாவை அவர்கள் கைவிடவில்லை. பேரீச்சை இங்கே, முத்துக்குளிப்பு அங்கே என்று இரண்டுக்கும் நடுவே போய்வந்துகொண்டிருந்தார்கள். அவர்களுக்கும் இந்த வழி, ஊருக்கும் பிழைப்புக்கும் இடையிலான வழிதான்.

முத்தைப் பற்றி எழுதும்போது மன்னாரைத் தாண்டிப் போக முடியாது. 1904, 1905ஆம் ஆண்டுகளில் மறிச்சுக்கட்டியில் பெரும் முத்துக்குளிப்புகள் நடந்தபோது, பாரசீக வளைகுடாவிலிருந்து அரபுக் குளியாளர்கள் அங்கு வந்து தமிழ், முஸ்லிம் குளியாளர்களோடு கடலில் இறங்கினார்கள். 1906இல் அங்கு கடமையாற்றிய ஆங்கிலேய அதிகாரி லெனார்ட் வூல்ப் அவர்களைப் பற்றி எழுதியிருக்கிறார். அதாவது எழுபது ஆண்டுகளுக்கு முன்னர் பிழைப்புத் தேடிக் கடல்கடந்து நம் கரைக்கு வந்தவர்கள் அவர்கள். மணற்கரையில் ஓலைக் கொட்டிலில் தங்கி, வேலை முடிந்ததும் ஊர் திரும்பியவர்கள். 1930களில் ஜப்பானின் வளர்ப்பு முத்துக்களும் உலகப் பொருளாதார மந்தமும் சேர்ந்து வளைகுடாவின் முத்து வணிகத்தை முறித்துப் போட்டன. அபுதாபியில் 1958இல் எண்ணெய் கண்டுபிடிக்கப்படும்வரை அங்கு பட்டினியும் வறுமையுமே இருந்தன. செல்வந்தனைக் கண்டு ஏங்குகிறவர்களும் ஏழையைக் கண்டு ஏளனம் செய்கிறவர்களும் இந்த ஐம்பதாண்டு வரலாற்றை ஒருமுறை படித்துவிட்டுப் பேசலாம்.

மதியம் தல் முரைபுக்குப் போனோம். ஏறத்தாழ 300 மீற்றர் உயரமான மணல்மலை. வீதி நேரே அதன் அடிவாரத்துக்கே போகிறது. வழியில் மணல்மேடுகளுக்கு நடுவே உப்புப் படிந்த தட்டை நிலங்கள் வெள்ளையாகக் கிடக்கும். எனது காலத்தில் அங்கே நாங்கள் நால்வர் மட்டுமே நின்ற நாட்கள் உண்டு. இன்று குளிர்காலத்தில் பெருந்திருவிழாவே நடக்கிறது. மணலில் வண்டியேற்றும் போட்டியைக் காணப் பெருங்கூட்டம் கூடுகிறது.

இதைக் கண்டு "எல்லாம் கெட்டுவிட்டது" என்று பெருமூச்சு விடுவது எளிது. அப்படிப் பெருமூச்சு விட்டவர்களில் முதல்வர் வில்பிரட் தெசிஜர். 1940களின் இறுதியில் பெதுயின் இளைஞர்களோடு ஒட்டகத்தில் இருமுறை வெற்றுநிலத்தைக் கடந்து, 1959இல் 'அரேபிய மணல்வெளிகள்' என்ற பொருள்படும் நூலை எழுதிய ஆங்கிலேயர். 1977இல் திரும்பி வந்து, உயர்ந்த கட்டடங்களையும் கார்களையும் கண்டு மனம் கசந்தார். பிற்காலத்தில் அந்தக் கசப்பைத் தணித்துக்கொண்டார். அவருடைய நூலை நான் அபுதாபியில் இரண்டு முறை வாசித்தேன். அவர் நேசித்த அந்தக் கடின வாழ்வில் பிள்ளைகள் மருந்தின்றி இறந்தார்கள். அவருக்கு வேண்டாத நாளில் இலண்டனுக்குப் போக முடிந்தது. அவருடைய தோழர்களுக்கு முடியவில்லை. ஆகவே லிவாவில் மருத்துவமனை வந்ததையும், பள்ளிக்கூடம் வந்ததையும், தல் முரைபில் கூட்டம் கூடுவதையும் குறைசொல்ல எனக்கு உரிமையில்லை. நாங்கள் விட்டுப்போன இடம், நாங்கள் விட்டபடியே இருக்கவேண்டும் என்று எதிர்பார்ப்பது ஒருவகைப் பேராசை. புலம்பெயர்ந்தவர்கள் யாழ்ப்பாணத்துக்கு வந்து, "முந்தி இங்க இப்படி இல்லையே" என்று சொல்லும்போது ஊரில் இருப்பவர்களுக்கு வரும் எரிச்சலை நான் கொழும்பில் இருந்துகொண்டே நன்கு அறிவேன்.

மாலையில் வீதியோரத் தேநீர்க்கடை ஒன்றில் நிறுத்தினோம். கடையை நடத்துபவர் மலப்புறத்துக்காரர். லிவாவுக்கு வந்து இருபத்தேழு ஆண்டுகள். ஊரில் இரண்டு மாடி வீடு கட்டியிருக்கிறார். "அந்த வீட்டில் நான் உறங்கிய நாட்களைக் கூட்டினால் இரண்டு வருடம் வராது" என்றார். மலையாளமும் தமிழும் கலந்து பேசினோம். மகள் அவரிடம், எது உங்கள் ஊர் என்று கேட்டாள். அவர் தேநீரை ஆற்றிக்கொண்டே, "வேலை இருக்கும்வரை இது. அதற்குப் பிறகு அது" என்றார். அதில் துயரமும் இல்லை, பெருமையும் இல்லை. பேரூந்து நேரத்தைச் சொல்வதுபோலச் சொன்னார்.

அந்த ஒரு வரியில் வளைகுடா வாழ்வின் சட்டம் முழுவதும் அடங்கியிருக்கிறது. அங்கே வாழும் பத்துப் பேரில் ஏறத்தாழ ஒருவரே குடிமகன். மற்றவரின் வதிவிடம் தொழிலோடு கட்டப்பட்டது. என் காலத்தில் வேலை போனால் முப்பது நாளில் நாட்டை விட்டு வெளியேற வேண்டும். அங்கே பிறந்த ஆண்பிள்ளை, படிப்பில் இல்லாவிட்டால், பதினெட்டு வயதில் தகப்பனின் விசாவிலிருந்து விழுந்துவிடுவான். அந்த வயதெல்லை 2022இல்தான் இருபத்தைந்தாக உயர்ந்தது. 2019 முதல் பத்தாண்டு வதிவிட அனுமதி போன்றவை வந்துள்ளன. ஆயினும் அவை பணமும் பட்டமும் உள்ளவர்களையே பெரும்பாலும் சென்றடைகின்றன. மலையகத்திலிருந்தும் மட்டக்களப்பிலிருந்தும் வீட்டுவேலைக்குப் போன பெண்ணுக்கு அவை கதையில் கேட்ட சங்கதிகள். என் நாளேட்டு நண்பர் ஒருவர் முப்பத்தொரு ஆண்டுகள் அங்கு வாழ்ந்து, அறுபது வயதில் இரண்டு பெட்டிகளோடு திரும்பினார். வழியனுப்பு விருந்தில் பேசும்போது, "இந்த நாடு என்னிடம் எதையும் மறைக்கவில்லை. முதல் நாளே நீ போகவேண்டியவன் என்று எழுதித் தந்தது" என்றார். நான் அதற்குப் பிறகு பல தடவை எண்ணிப் பார்த்திருக்கிறேன். என் சொந்த நாடு எனக்கு எழுத்தில் குடியுரிமை தந்தது. ஆனால் வீட்டுக்குப் போகும் வீதியைப் பன்னிரண்டு ஆண்டு காலம் தரவில்லை. இந்த நாடு குடியுரிமை தரவில்லை. வீதியைத் தந்தது.

எனது தாயாரின் ஊர் வடமராட்சி கிழக்கில், மணற்காட்டுக்கு அண்மையில். பெயரே சொல்லும். அங்கும் காற்று மணலை மேடுகளாகக் குவிக்கிறது. பழைய அந்தோனியார் தேவாலயம் ஒன்று பாதி மணலில் புதைந்து, சுவர்கள் மட்டும் வெளியே தெரிய நிற்கிறது. 2003இல் வீதி திறந்ததும் குடும்பத்தோடு போனோம். மகளுக்கு அப்போது ஏழு வயது. மணல்மேட்டைக் கண்டதும், "அப்பா, இது லிவாவோ?" என்று கேட்டாள். என் தாயார் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அடுத்த ஆண்டு டிசம்பர் 26 அன்று ஆழிப்பேரலை அந்தக் கரையோரத்தை அடித்துச் சென்றது. அன்று ஞாயிற்றுக்கிழமை. நான் வேலையில் இருந்தேன். உலகத்தின் இறப்பு எண்ணிக்கை ஒவ்வொரு மணிக்கும் ஏறிக்கொண்டிருந்தது. வடமராட்சி கிழக்கின் பெயர் எந்தச் செய்தியிலும் வருவதற்குள் இரவாகிவிட்டது. தாயார் தப்பியிருந்தார் என்று மூன்றாம் நாளே தெரிந்தது. சில மாதங்களில் வேலையை விட்டு இலங்கைக்குத் திரும்பினேன்.

இன்று மணற்காட்டுப் பக்கம் மணலை லொறிகளில் அள்ளிக்கொண்டு போகிறார்கள். அங்குள்ளவர்கள் பல ஆண்டுகளாக அதற்கு எதிராகக் குரல் கொடுத்துவருகிறார்கள். லிவாவின் மணலை யாரும் கட்டடத்துக்கு அள்ளுவதில்லை. காற்றில் உருண்டு உருண்டு மணிகள் வழுவழுப்பாகிவிட்டதால் அது கொங்கிறீற்றுக்கு நன்றாகப் பிடிக்காது. பயன்படாத மணல் தப்பிக்கொண்டது.

லிவாவின் மணலுக்குக் கீழே இப்போது வேறொன்று இருக்கிறது. கரையோரத்தில் கடல்நீரை நன்னீராக்கி, குழாயில் இங்கு கொண்டுவந்து, நிலத்தடியில் இறக்கிச் சேமித்திருக்கிறார்கள். 2018இல் நிறைவுற்ற அந்தத் திட்டத்தில் 2 கோடியே 60 இலட்சம் கனமீற்றர் நீர் இருக்கிறது. கடலில் எண்ணெய் கசிந்தாலோ போர் வந்தாலோ பத்து இலட்சம் பேருக்குத் தொண்ணூறு நாட்களுக்குப் போதும் என்பது கணக்கு. நீரைத் தேடி லிவாவிலிருந்து தீவுக்குப் போனவர்களின் பேரர்கள், தீவின் பக்கத்து நீரை லிவாவில் கொண்டுவந்து புதைத்துவைத்திருக்கிறார்கள். ஆபத்து வந்தால் எங்கே திரும்புவது என்பதை ஒரு சமூகம் மறக்காமல் இருப்பதற்கு இதைவிட நல்ல சான்றை நான் கண்டதில்லை.

திரும்பும்போது மதீனத் சாயித், தாரிப் வழியாகக் கடற்கரை நெடுஞ்சாலைக்கு ஏறினோம். எதிரே கனரக லொறிகளின் வரிசை முடிவில்லாமல் வந்துகொண்டிருந்தது. மகள் நீண்ட நேரம் பேசாமல் ஓட்டினாள். பிறகு, "ஆராவது கேட்டால் நான் அபுதாபி எண்டு சொல்லலாமோ, அப்பா?" என்றாள்.

"பிறந்தது எங்கே எண்டு கேட்டால் சொல்லு. அதை ஒருத்தரும் மாத்த ஏலாது" என்றேன்.

"ஊர் எது எண்டு கேட்டால்?"

அதற்கு நான் ஒன்றும் சொல்லவில்லை. அறுபது வயதைத் தாண்டிய எனக்கே இரண்டு மணற்காடுகள் இருக்கும்போது, அவளுக்கு ஒன்றைத் தெரிந்துகொடுக்க என்னால் ஆகாது. அவளும் திருப்பிக் கேட்கவில்லை. பெற்றோல் குறைந்திருந்தது. அடுத்த நிலையம் இன்னும் முப்பது கிலோமீற்றரில் இருப்பதாகப் பலகை சொல்லியது. முன்பு அந்த இடத்தில் பலகையும் இருந்ததில்லை, நிலையமும் இருந்ததில்லை.